அச்சக் கதைநூல்களும் தொகுத்தோர் பணியும்

முன்னுரை

இலக்கிய வரலாறு எழுதுவோர் நூலாசிரியரைப் போற்றுவர். உரையாசிரியரையும் ஓரளவு போற்றுவர். நூலைத் தேடித் தொகுத்துக் காத்தவரையோ பெரும்பாலும் ஒரு வரியிற் சுட்டி அமைவர். தமிழ் மரபு இவ்வகையில் நன்றி மறவாதது. சங்கத் தொகைகள் சிலவற்றுக்குத் தொகுத்தார் பெயரும் தொகுப்பித்தார் பெயரும் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் அறிகின்றோம். தொகுத்தலும் ஓர் இலக்கியச் செயலே என்னும் உணர்வு இக்குறிப்புகளில் அமைந்துள்ளது.

அவ்வுணர்வோடு ஆங்கில இலக்கியத்தின் ஒரு பகுதியை நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். பேய்க்கதை என்றும் திகிற்கதை என்றும் வழங்கும் அச்சச் சுவைக் கதைகளின் பழம்பதிப்புகளையும் சிறுகதைத் தொகுதிகளையும் தேடிச் சேர்ப்போர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர். இஃது ஓய்வுடையார் பொழுதுபோக்கு என்றும், ஆராய்ச்சிக்கு இதனால் வரும் பயன் இல்லை என்றும் கருதுவார் உளர். எம் கருத்து வேறு. தாழ்ந்தவை எனத் தள்ளப்பட்ட இந்நூல்களைச் சிலர் காத்தமையால்தான் உயர்ந்தவை எனப் போற்றப்படும் நூல்கள் சிலவற்றின் பொருளே விளக்கம் பெற்றது. ஆகவே, காத்தல் என்பது மதிப்பிடுதலுக்கு முற்பட்ட கடமையாகும். இதனைத் தக்க சான்றுகளால் நிறுவ முயல்வோம்.

அச்சத்தின் நிலைக்களன்கள்

அச்சம் இலக்கியத்திற்கு இழுக்கான பொருள் அன்று. தொல்காப்பியர் அதனை மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக வைத்தார். அது தோன்றும் நிலைக்களன் நான்கு என்றும் வகுத்தார். வருத்தும் தெய்வமும் பேயும் போல்வன ஒன்று, கொடுவிலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம்மை ஆளும் தலைவர் ஒன்று. இவற்றுள் இறுதியிற் கூறியது நினைத்தற்குரியது. பேயைக் கண்டு நடுங்குவதும், அதிகாரம் உடையாரைக் கண்டு நடுங்குவதும் ஒரே மெய்ப்பாட்டின் இருவேறு களன்கள் என்பது அவர் கண்ட உண்மை. ஆங்கில அச்சக் கதைகளை அளந்து நோக்குதற்கு இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்யும் என்பது பின்னர் விளங்கும்.

ஆங்கிலத்தில் இவ்வகைக்கு முதல்நூல் எனக் கூறப்படுவது ஹோரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை'. இது 1764 டிசம்பரில் வெளிவந்தது. முதற்பதிப்பின் முகப்பில் வால்போலின் பெயர் இல்லை. இத்தாலியக் குரு ஒருவர் எழுதியதை வேறொருவர் மொழிபெயர்த்தார் என்றே அதிற் காணப்படும். வட இங்கிலாந்தின் பழங்குடி ஒன்றின் நூலகத்திலிருந்து கிடைத்த நூல் என்றும், 1529இல் நேப்பிள்ஸ் நகரில் அச்சிடப்பட்டது என்றும் முன்னுரை கூறும். நூல் வரவேற்புப் பெற்றபின் 1765இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே வால்போல் உண்மையை வெளியிட்டார். 'காதிக் கதை' என்னும் துணைத்தலைப்பும் அப்பதிப்பிலேதான் சேர்ந்தது.

இதனால் இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, அச்சக் கதை என்னும் வகை தோன்றும்போதே, தேடிக் கண்டெடுத்த பழஞ்சுவடி என்னும் வேடத்தோடு தோன்றியது. மற்றொன்று, இரண்டாம் பதிப்பை மட்டும் கற்பவர் அந்த வேடத்தின் முழு ஆற்றலையும் உணரார். முதற் சில திங்களில் இந்நூலைக் கற்றவர் அதனை உண்மையான பழங்கதை என நம்பிக் கற்றிருக்கக் கூடும்; பின்னர்க் கற்றவரோ தம் காலத்தார் ஒருவர் புனைந்தது என அறிந்தே கற்றனர். நூலின் உடல் ஒன்றே. முகப்பு மாறியதால் வாசிப்பும் மாறியது. பழம்பதிப்பைத் தேடுவார் முகப்பேட்டை ஏன் அத்துணைப் போற்றுகின்றனர் என்பதற்கு இதுவே தக்க விடை.

ஏழு நாவல்களின் வரலாறு

அடுத்து நோக்கத்தக்கது ஜேன் ஆஸ்டின் எழுதிய 'நார்தாங்கர் ஆபி'. அது 1817இன் இறுதியில், அவர் மறைந்த பின்னர், வெளிவந்தது. அதில் இசபெல்லா என்பவள் தன் தோழி காதரினுக்குப் படித்தற்குரிய திகில் நாவல்கள் ஏழன் பெயரைக் கூறுவாள். 'வுல்பன்பாக் கோட்டை', 'கிளெர்மான்ட்', 'மருமமான எச்சரிக்கை', 'கருங்காட்டு மந்திரவாதி', 'நள்ளிரவு மணி', 'ரைன் நதியின் அநாதை', 'கொடிய மருமங்கள்' என்பன அவை. பெயர்கள் ஒன்றைவிட ஒன்று மிகையாக இருத்தலின், இவை ஆஸ்டின் நகைச்சுவைக்காகப் புனைந்தவை என்றே வாசகர் பலர் நெடுங்காலம் எண்ணினர்.

அவ்வெண்ணம் பிழை என்பதைக் காட்டியவர் வகுப்பறை விமரிசகர் அல்லர், பழநூல் சேர்ப்போர். மைக்கேல் சாட்லியர் என்னும் பதிப்பாளர் பழைய காதிக் நாவல்களைத் தேடிச் சேர்த்தவர். அவர் 1927இல் ஆங்கிலக் கழகத்தின் வெளியீடாக எழுதிய சிறுநூலில், ஏழும் மெய்யாகவே அச்சான நூல்கள் என விளக்கினார். மான்டேக் சம்மர்ஸ் என்பாரும் இத்துறையில் உழைத்தவர். ஏழும் 1793 முதல் 1798 வரை வெளிவந்தவை. ஆறு மினர்வா அச்சகத்தின் வெளியீடுகள். இரண்டு ஜெர்மானிய மூலத்திலிருந்து வந்தவை. சாட்லியர் சேர்த்த காதிக் நூல்கள் பின்னர் ராபர்ட் பிளாக் என்பாரிடம் சென்று, 1942இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற்கு உரிமையாயின. இந்தியாவிற் பிறந்து கனடாவின் டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய தேவேந்திர வர்மா, 1968இல் ஏழு நாவல்களையும் ஒருசேரப் பதிப்பித்தார். ஒரு காலத்தில் இல்லாதவை எனக் கருதப்பட்ட நூல்கள் இவ்வாறு மாணவர் கைக்கும் வந்து சேர்ந்தன.

பல படிகள் அச்சான நூல்கள் அத்துணை அரியவை ஆனமைக்குக் காரணம் என்னை? மினர்வா அச்சகத்தார் விற்பதற்காக மட்டும் நூல் வெளியிடவில்லை. கட்டணம் பெற்று நூல்களை வாடகைக்குக் கொடுக்கும் வாசகசாலைகளே அவர்களின் பெரிய சந்தை. ஒரு படி பல கை மாறும், தாள் கிழியும், கட்டடம் குலையும், பின்னர் எறியப்படும். சமயநூலும் சட்டநூலும் அடுக்கில் இருந்தே வாழ்ந்தன. மக்கள் விரும்பிப் படித்த நூல்களோ படிக்கப்பட்டே அழிந்தன. ஆதலின், ஒரு காலத்தில் மிகுதியாக வழங்கிய நூலே பிற்காலத்தில் அரிய நூலாதல் இயல்பு. நூலகத்தில் இல்லை என்பதைக் கொண்டு நாட்டில் வழங்கவில்லை என முடிவு செய்தல் பொருந்தாது.

இனி, இந்த ஏழு நூல்கள் கிடைத்தமையால் ஆஸ்டினின் நாவலுக்கு விளைந்த விளக்கத்தைக் காண்போம். ஏழு நூல்களும் கிடைக்காத நிலையில், அவர் பேய்க்கதைகளை எள்ளினார், மருண்ட பெண்ணொருத்தி தெளிவடைந்தாள் என்று கூறி முடித்தல் எளிது. ஆனால் 'வுல்பன்பாக் கோட்டை'யைக் கற்பவர் அங்கே உண்மையான பேயைக் காணார். கோட்டையிற் கேட்கும் ஒலிகளுக்குக் காரணம், கொடிய கணவனால் ஒளிந்து வாழ நேர்ந்த மனைவி. கதைத்தலைவி மடில்டா அங்கு வருவதும் தன்னை வளர்த்தவனுடைய தீய எண்ணத்திற்கு அஞ்சி ஓடியே. 'கருங்காட்டு மந்திரவாதி'யிலோ பேயாகத் தோன்றுவனவற்றின் பின்னே கள்வரும் வஞ்சகரும் உளர். தொல்காப்பியர் வகுத்த நான்கனுள், இந்நாவல்கள் முதற் களனை முகமூடியாக அணிந்து, கள்வர், தலைவர் என்னும் பின்னிரு களன்களையே உள்ளே கொண்டுள்ளன.

இதனை அறிந்தபின் ஆஸ்டினைக் கற்றால், நாவலின் பிற்பகுதி வேறுவகையாகத் தோன்றும். தளபதி டில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பார் எனக் காதரின் ஐயுறுகின்றாள்; அது பொய்யாகின்றது; அவள் நாணுகின்றாள். ஆனால் கதை அங்கு முடியவில்லை. காதரின் செல்வம் உடையவள் அல்லள் என்று கேட்ட அளவிலே, அதே தளபதி அவளை விடியற்காலையில் துணையின்றி வெளியேற்றுகின்றார். அவள் 70 கல் தொலைவு தனியே செல்கின்றாள். கொலைகாரர் என்பது பொய். கொடியவர் என்பது மெய். ஆகவே ஆஸ்டின் எள்ளியது முகமூடியையே. அச்சத்தின் உண்மைக் களனை அவர் விடவில்லை. தாழ்ந்த நாவல்களின் மரபைத் திருத்தி மேற்கொண்டார் என்பதே பொருத்தமான முடிவாகும். இம்முடிவுக்கு வருதற்கு அந்நாவல்களை நாமே படித்தல் வேண்டும். படித்தற்கு அவை இருத்தல் வேண்டும். அவை இருத்தற்கு யாரோ ஒருவர் அவற்றை எறியாமல் வைத்திருத்தல் வேண்டும்.

சிறுகதைத் தொகுதிகள்

நாவலுக்கு நேர்ந்ததினும் பெரிய இடர் சிறுகதைக்கு உண்டு. நாவல் கிழிந்தாலும் நூலாகக் கிழியும். சிறுகதையோ திங்களிதழின் தாள்களுக்கிடையே பெயரின்றி மறையும். அயர்லாந்தைச் சேர்ந்த ஷெரிடன் லெ பானு 1873இல் மறைந்தார். அதற்கு முன்னாண்டு வெளிவந்த 'மங்கிய கண்ணாடியில்' என்னும் தொகுதியில் 'கார்மில்லா' முதலிய கதைகள் இடம்பெற்றன. ஆயினும் அவருடைய கதைகள் பல ஆசிரியர் பெயரின்றி இதழ்களில் வந்து அங்கேயே கிடந்தன. எம். ஆர். ஜேம்ஸ் அவ்விதழ்களை ஆராய்ந்து, லெ பானுவின் கதைகள் இவையெனக் கண்டு, 1923இல் 'மேடம் கிரௌலின் ஆவி' என்னும் தொகுதியை வெளியிட்டார். நடையையும் பொருளையும் கொண்டு ஆசிரியரைத் துணியும் இப்பணி, தனிப்பாடலின் ஆசிரியரை ஆராயும் புலவர் பணிக்கு ஒப்பானது.

ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் கையெழுத்துச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை வகுத்த பேரறிஞர். கிங்ஸ் கல்லூரியின் தலைவராகவும் பின்னர் ஈட்டன் கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர். அவர் எழுதிய 'தொல்பொருள் அறிஞர் ஒருவரின் பேய்க்கதைகள்' 1904இல் வெளிவந்தது. ஜேம்ஸ் மெக்பிரைடு என்னும் நண்பர் அதற்குப் படம் வரையத் தொடங்கி, அவ்வாண்டிலேயே இறந்தார். ஆதலால் அவர் முடித்த நான்கு படங்களோடு நூல் வந்தது. இம்முதற்பதிப்பைக் கையில் எடுப்பவர்க்குப் படங்கள் நான்கோடு நின்றதே ஒரு வரலாற்றுக் குறிப்பாகும். படங்களை நீக்கிய மலிவுப் பதிப்பிலோ, 1931இல் வந்த முழுத்தொகுதியிலோ இவ்வுணர்வு தோன்றாது.

தனிக்கதையாகக் கற்பதற்கும் தொகுதியாகக் கற்பதற்கும் உள்ள வேறுபாடும் இந்நூலில் நன்கு புலனாகும். இதில் எட்டுக் கதைகள் உள. பலர் கதைகளைச் சேர்த்த பிற்காலத் தொகைநூல்கள் இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ எடுத்தாளும். அங்கு அது நல்ல பேய்க்கதையாக மட்டும் நிற்கும். எட்டையும் வரிசையாகக் கற்றால் வேறொன்று விளங்கும். எட்டில் பெரும்பாலான கதைகள், ஏடோ ஆவணமோ படமோ பழம்பொருளோ தேடிச் செல்லும் கற்றவனுக்கு நேரும் இடரைக் கூறுவன. முதற்கதையில் டெனிஸ்டவுன் என்பவர் பிரான்சு நாட்டுக் கோயில் ஒன்றின் காப்பாளரிடம் பழைய ஏட்டுத் தொகுப்பு ஒன்றை மிகக் குறைந்த விலைக்கு வாங்குகின்றார். அத்தொகுப்போ, ஆல்பெரிக் என்னும் முற்காலக் குரு, கோயில் நூலகத்துச் சுவடிகளிலிருந்து தாள்களைக் கிழித்துச் சேர்த்தது. அதிலுள்ள படத்தோடு தொடர்புடைய கொடிய உரு வாங்கியவரைத் தேடி வருகின்றது. முடிவில் அவர் படத்தை நிழற்படம் எடுத்துவிட்டு மூலத்தை எரிக்கின்றார். ஏட்டுத் தொகுப்போ அழியாமல் கேம்பிரிட்ஜ் வந்து சேர்கின்றது.

சுவடிகளோடு வாழ்ந்தவர் சுவடி தேடுவாரையே அச்சத்திற்கு உரியவராக்கியது தற்செயல் அன்று. கிழித்துச் சேர்த்தவன் ஆல்பெரிக். ஏமாற்றி வாங்காவிடினும் விலைக்குறைவைக் கண்டு மகிழ்ந்தவர் டெனிஸ்டவுன். சேர்த்தலில் ஆர்வமும் உண்டு, ஆசையும் உண்டு. ஆர்வம் நூலைக் காக்கும், ஆசை நூலைச் சிதைக்கும் என்னும் உண்மையை ஆசிரியர் தம் தொழிலறிவால் உணர்ந்திருந்தார். மூலத்தை எரிக்கும் இடத்திலும் படியெடுத்த பின்னரே எரிக்கச் செய்தார். பேய்க்கு அஞ்சும் நிலையிலும் ஆராய்ச்சியாளன் சான்றை இழக்க விரும்பான் என்பது அதன் குறிப்பு. இக்கருத்து ஒரு கதையிற் குறிப்பாகவும், தொகுதி முழுமையில் வெளிப்படையாகவும் அமைந்துள்ளது. தொகுதியை ஓர் உறுப்புடைய நூலாகக் கொள்ளாதார்க்கு இது தோன்றாது.

விலையும் பாடமும்

அமெரிக்க நாட்டில் எச். பி. லவ்கிராப்ட் 1937இல் மறைந்தபோது அவர் கதைகளுட் பெரும்பாலன 'வியர்டு டேல்ஸ்' போன்ற மலிவுத்தாள் இதழ்களிற் சிதறிக் கிடந்தன. நண்பர்களாகிய ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வான்ட்ரியும் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்னும் பதிப்பகத்தை நிறுவி, 1939இல் 'அயலானும் பிறவும்' என்னும் பெருந்தொகுதியை வெளியிட்டனர். அச்சான படிகள் 1268. அன்று ஐந்து டாலர் விலையுடைய அந்நூல் இன்று சேர்ப்போர் பெரும்பொருள் கொடுத்து வாங்கும் பொருளாயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். விலைமிக்க பதிப்பே திருந்திய பதிப்பு என்பது இல்லை. லவ்கிராப்டின் 'பித்தம் பிடித்த மலைகளில்' என்னும் நெடுங்கதை 1936இல் 'அஸ்டௌண்டிங் ஸ்டோரீஸ்' இதழில் வந்தபோது, இதழாசிரியர் பத்திகளைத் துண்டுபடுத்தினர். சில பகுதிகளை நீக்கவும் செய்தனர். ஆசிரியர் தம்மிடம் இருந்த படிகளில் கையால் திருத்தங்கள் எழுதி வைத்தார். பிழைகள் முதற்றொகுதியிலும் முற்றும் நீங்கவில்லை. புனேயிற் பிறந்து அமெரிக்காவில் வாழும் எஸ். டி. ஜோஷி, தட்டச்சுப்படியையும் பிற சான்றுகளையும் ஒப்பிட்டு, 1980களில் திருந்திய பாடத்தை அதே பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்டார். ஆசிரியர் கருதிய பாடம் வேண்டுவோர்க்கு ஜோஷியின் பதிப்பே உரியது. ஐம்பது ஆண்டுக்காலம் வாசகர் எதனைக் கற்று அஞ்சினர் என ஆராய்வார்க்கு இதழும் 1939ஆம் ஆண்டுத் தொகுதியும் இன்றியமையாதவை. பயன் வேறு, சான்றும் வேறு.

மேலுறை கிழியாமையையும் தாளின் வெண்மையையும் மட்டும் போற்றி, உள்ளே ஒரு கதையையும் படியாமல் அடுக்கி வைப்போரும் இத்துறையில் உளர். அவர்கள் காப்பதும் காப்பே. ஆயினும் அஃது ஆராய்ச்சி ஆகாது. ஆராய்வான் ஒரு தொகைநூலைப் பெற்றவுடன் நோக்கத்தக்கவை சில. தொகுத்தவர் யார்? முன்னுரையில் எவ்வளவைகளைக் கூறுகின்றார்? கதைகளை எவ்விதழிலிருந்து எடுத்தார்? எவற்றை விடுத்தார்? வரிசைக்குக் காரணம் உண்டா? இவ்வினாக்களோடு நோக்கினால் மலிவுத் தொகையும் வரலாற்றுச் சான்றாகும். ஹெர்பர்ட் வான் தால் 1959இல் தொடங்கிய 'பான் திகிற்கதைத் தொகை' 1989 வரை 30 தொகுதிகளாக வந்தது. முதற்றொகுதியில் ஸ்டோக்கர் போன்ற முன்னோர் கதையும் உண்டு. பிற்பட்டவற்றில் அச்சம் குறைந்து அருவருப்பு மிகுகின்றது. ஒரு சுவை முப்பது ஆண்டில் எவ்வாறு வேறொன்றாகத் திரிந்தது என்பதை வரிசை குலையாத 30 நூல்களே காட்டவல்லன. அவற்றுள் சிறந்த ஐந்தைத் தெரிந்து வைத்தவர் இதனைக் காணமாட்டார்.

தமிழ் ஆய்வுக்குப் பெறப்படுவது

எல்லாவற்றையும் காத்தல் இயலுமா, தகுதியுடையவற்றை மட்டும் காத்தல் போதாதா என்பது இயல்பாக எழும் வினா. இடமும் பொருளும் அளவுடையன என்பது உண்மையே. ஆயினும் தகுதியை முடிவு செய்வோர் எந்நாளும் ஒரு காலத்தின் சுவைக்கு உட்பட்டவரே. 1800இல் ஓர் அறிஞரிடம் கேட்டிருந்தால், மினர்வா நாவல்களை எரிப்பதே நன்று என்றிருப்பார். அவற்றுட் பல இன்றும் நல்ல நாவல்கள் அல்ல. அதனை யாமும் மறுக்கவில்லை. ஆனால் நல்ல நாவலைப் புரிந்துகொள்ள அவை வேண்டியிருந்தன.

தமிழிலும் இந்நிலை உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய துப்பறியும் நாவல்களும் மருமக் கதைகளும் வீடுதோறும் படிக்கப்பட்டவை. ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதைகள் தமிழில் தழுவப்பட்டதும் அக்காலத்திலேயே. அத்தழுவலை ஆராய மூலத்தின் மலிவுப் பதிப்பும் தமிழ்ப் பதிப்பும் ஒருங்கே வேண்டும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' 1943இல் வெளிவந்தது. அவர் எந்த மரபை ஏற்றார், எதனை எள்ளினார் என்னும் வினாவுக்கு, அக்காலத் தமிழர் கற்ற பேய்க்கதைகள் அனைத்தும் முன்னிருந்தால் அன்றி முழுவிடை கிடையாது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பு, இதழையும் நூலையும் ஒப்பிட்டுப் பாடம் காணும் முறையின் பயனைத் தமிழுலகிற்குக் காட்டியது.

கோட்டையூர் ரோஜா முத்தையா தாமே தேடிச் சேர்த்த நூல்களில் உயர்ந்தவையும் உண்டு, பிறர் எறிந்த நாடகப் பாட்டுப் புத்தகங்களும் மலிவு நாவல்களும் உண்டு. அவர் 1992இல் மறைந்தபின், சிகாகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. தனியொருவர் செய்த இப்பணியைத் தமிழ்த்துறைகளும் மேற்கொள்ளுதல் தகும். ஒவ்வொரு துறையும் தன் வட்டாரத்துப் பழைய அச்சகங்கள் வெளியிட்ட கதைநூல்களைத் தேடி, முகப்பு, விலை, பதிப்பு, விளம்பரத்தாள் ஆகியவற்றோடு அட்டவணைப்படுத்துமாயின், முதுகலை மாணவர்க்கு அதுவே நல்ல பயிற்சியாகும். மினர்வா நூல்களைப் போலவே தமிழ் மருமக் கதைநூல்களும் படிக்கப்பட்டே அழிந்துவருகின்றன. எவை சிறந்தவை என்பதை வருங்கால ஆய்வாளர் முடிவு செய்வர். அவர்கள் முடிவு செய்தற்கு நூல்களை எஞ்சவைத்தல் இன்று நம் கையில் உள்ளது.